பத்மினி மக்கர் பண்ணினால்: பிள்ளையோடு சேர்ந்து வீட்டிலேயே பழைய காரைத் தேற்றுபவர்களுக்கு

பிரீமியர் பத்மினி, அதற்கு முந்தைய பிரசிடென்ட், ஃபியட் 1100 டிலைட் என எல்லாப் பெட்ரோல் வண்டியிலும் உட்கார்ந்திருப்பது 1089 சிசி இன்ஜின்தான். கம்ப்யூட்டரோ சென்சாரோ கிடையாது. கரன்ட் எந்த வழியாக வருகிறது, பெட்ரோல் எந்தக் குழாயில் போகிறது என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை விரலால் தொட்டுக் காட்டிவிடலாம். கார்பரேட்டரும் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) பாயின்ட்டும் (பொறிக்காகக் கரன்ட்டை விட்டு விட்டு வெட்டும் சின்ன சுவிட்ச்) உள்ள அம்பாசடர்காரர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

இந்த வண்டிகளில் பெரிய பாகம் செத்துப்போய் நிற்பது அபூர்வம். ஒயர் முனை, எர்த், காய்ந்த ரப்பர், அடைத்த ஓட்டை, இவைதான் வழக்கமான குற்றவாளிகள். அதனால் ஒவ்வொரு கோளாறிலும் காசு செலவில்லாத சோதனை முதலில், பட்டறைக்குப் போவது கடைசியில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நேற்று வேலை செய்த இடம் ஒன்று, இன்று கோளாறு வேறொரு இடத்தில் என்று தோன்றினாலும் நேற்று கை வைத்த இடத்தையே முதலில் பாருங்கள்.

## ஆரம்பிக்கும் முன்: யார் எதைத் தொடலாம்

மல்டிமீட்டர், டெஸ்ட் லாம்ப் (கரன்ட் வருகிறதா என்று காட்டும் சின்ன பல்பு), ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), பிளக் ஒயருக்கு எண் ஒட்டுவது, கழற்றுமுன் போட்டோ எடுப்பது, நோட்டில் எழுதுவது எல்லாம் பிள்ளை வேலை. பெட்ரோல் குழாயைத் திறப்பது, ஜாக்கி வைப்பது, பிரேக் டிரம் கழற்றுவது, ஓடும் இன்ஜினில் கை வைப்பது பெரியவர் மட்டும்.

ஜாக்கியை நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. இரும்பு ஸ்டாண்டு கட்டாயம். பானெட்டுக்குள் ஒரு கை இருக்கும்வரை சாவி துவாரத்தில் இருக்கக் கூடாது, டாஷ்போர்டு மேல் கண்ணில் படும்படி இருக்கட்டும். செல்ஃப் அடித்துப் பார்க்கும் சோதனைகளில் பிள்ளை டிரைவர் சீட்டில் உட்காரலாம். "அடி" என்று சொன்னால் மட்டும் சாவியைத் திருப்ப வேண்டும். அதற்கு முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பெரியவரே லீவரை ஆட்டிப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் அடியில் கியர் லீவர் உள்ள வண்டியில் புஷ் தேய்ந்திருந்தால் லீவர் நியூட்ரல்போல் ஆடும், உள்ளே கியர் விழுந்திருக்கும். ஏபிசி வகைத் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

## சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை, அல்லது 'டிக்' மட்டும்

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள்.

லைட்டே எரியவில்லை. பேட்டரி முனை. பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் கழற்றி, வெந்நீரில் ஆப்பச் சோடா கரைத்து ஊற்றி, உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

எரிந்த லைட், செல்ஃப் அடித்ததும் மங்கி அணைகிறது. பேட்டரியின் இரு முனையிலும் மீட்டரை வையுங்கள். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான். சார்ஜ் ஏற்றிய பிறகும் செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி முடிந்தது.

பேட்டரி நன்றாக இருந்தும் மங்குகிறதா? மீட்டரின் ஒரு முள் பேட்டரி நெகட்டிவ் முனையில், மற்றது இன்ஜின் பிளாக்கின் வெறும் இரும்பில். செல்ஃப் அடிக்கும்போது 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் சரி. 0.5-ஐத் தாண்டினால் எர்த் ஸ்டிராப் பெயின்ட் மேலோ துரு மேலோ உட்கார்ந்திருக்கிறது. புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டிகளில் இதுதான் முதல் சந்தேகம்: அழகாக அடித்த பெயின்ட்டே கரன்ட்டைத் தடுக்கும். போல்ட் உட்காரும் வட்டத்தை மட்டும் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிய வையுங்கள். பாசிட்டிவ் பக்கமும் இதேபோல் பேட்டரி முனைக்கும் செல்ஃப் மோட்டார் போல்ட்டுக்கும் நடுவே பாருங்கள்.

லைட் அசையவே இல்லை, சத்தமும் இல்லை. சாவி சுவிட்ச், அல்லது சோலினாய்டுக்கு (செல்ஃப் மோட்டாருக்குக் கரன்ட்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) போகும் மெல்லிய ஒயர். டெஸ்ட் லாம்ப் போதும்.

கனமான 'டக்' என்று ஒரே அடி, பிறகு அமைதி. செல்ஃப் பல்சக்கரம் சிக்கியிருக்கலாம். சாவியை எடுத்துவிட்டு, நாலாவது கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். விடுபட்டு மறுபடி மறுபடி சிக்கினால் மோட்டாரைக் கழற்றி ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடலாம். புஷ், கார்பன் வேலையை அவர் பெஞ்சில் வைத்து முடிப்பார்.

வருடக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டிக்கு இந்தச் சோதனையே கூடாது. நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். பிறகு கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்ற வேண்டும். சுற்ற மறுத்தால் பலம் காட்ட வேண்டாம், இன்னும் இரண்டு நாள் ஊறட்டும். அப்போதும் அசையாவிட்டால் மெக்கானிக்.

## செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் எடுக்கவில்லை

முதல் கேள்வி ஒன்றுதான்: கரன்ட் இல்லையா, பெட்ரோல் இல்லையா? ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் கரன்ட் பக்கம். காய்ந்திருந்தால் பெட்ரோல் பக்கம்.

பிளக் கழற்றுவதில் ஒரு எச்சரிக்கை. இந்த இன்ஜினின் ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) அலுமினியம். சூடாக இருக்கும்போது கழற்றாதீர்கள். திரும்ப மாட்டும்போது முழு மரையும் விரலால் ஏற வேண்டும்; ஸ்பேனர் கடைசி இறுக்கத்துக்கு மட்டும். இதைப் பிள்ளை கையில் கொடுக்கலாம், சின்ன விரல்களுக்கு மரை கோணலாகப் போவது சீக்கிரம் தெரியும். மரை போனால் லேத் வேலை.

### கரன்ட் பக்கம்

கழற்றிய பிளக்கை அதன் ஒயரிலேயே மாட்டி, பிளக்கின் உடலை முதலைக் கிளிப்பால் இன்ஜின் இரும்போடு சேர்த்துவிடுங்கள். கையால் பிடிக்க வேண்டாம், பிளக் துவாரத்தின் பக்கத்திலும் வைக்க வேண்டாம். செல்ஃப் அடித்தால் 'டப் டப்' என்ற சத்தத்தோடு நீலப் பொறி வர வேண்டும். மஞ்சளாக, நூல்போல வந்தால் பலவீனம்.

பொறியே இல்லை என்றால் டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை எர்த்திலும் மறுமுனையை காயிலிலிருந்து (பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டேஜை உண்டாக்கும் சுருள்) டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பொறியை நாலு பிளக்குக்கும் பங்கிடும் பாகம், பாயின்ட்டும் இதற்குள்தான்) போகும் முனையிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள்.

- விட்டு விட்டு எரிகிறது: பாயின்ட் திறந்து மூடுகிறது. கோளாறு மேலே, அதாவது கேப் (டிஸ்ட்ரிபியூட்டர் மூடி), ரோட்டர் (அதற்குள் சுழலும் துண்டு), ஒயர், கண்டன்சர் (பாயின்ட் கருகாமல் காக்கும் சின்ன உருளை) அல்லது காயிலின் உள்சுற்று.
- அணையாமல் எரிகிறது: பாயின்ட் மூடினாலும் தொடவில்லை. அழுக்கு, அல்லது இடைவெளி அதிகம்.
- எரியவே இல்லை: காயிலின் மறுமுனையில் வையுங்கள். அங்கே எரிந்தால் பாயின்ட் எப்போதும் மூடியே இருக்கிறது, அல்லது உள்ளே குட்டி ஒயர் உராய்ந்து எர்த் ஆகிறது. அங்கேயும் இல்லை என்றால் சாவி சுவிட்சிலிருந்தே வரவில்லை.

பாயின்ட்டைச் சரிசெய்வது பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க இந்த வண்டியிலேயே மிக நல்ல வேலை. கேப்பைக் கழற்றி, பாயின்ட்டின் குதி கேமின் மேட்டு நுனியில் ஏறும்வரை இன்ஜினைக் கையால் சுற்றுங்கள். மெல்லிய உப்புத்தாளை நடுவே விட்டு இரண்டு இழுப்பு, பிறகு பெட்ரோல் நனைத்த வெள்ளைத் துணி ஒரு இழுப்பு. 0.45 மி.மீ. தகட்டை நுழைத்தால் லேசான பிடிப்போடு வர வேண்டும். பாயின்ட்டைத் தள்ளிக்கொண்டு போகவும் கூடாது, வழுக்கி விழவும் கூடாது. திருகை இறுக்கும்போது இடைவெளி நகரும், அதனால் இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். குதியில் மிளகளவு கிரீஸ் போதும். அதிகமானால் சிதறிப் பாயின்ட்டில் ஒட்டும்.

பாயின்ட் முகம் நீலமாகக் கருகி, ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமுமாக இருந்தால் கண்டன்சரை மாற்றுங்கள். காயில் கடைசி. முதன்மைச் சுற்றில் சுமார் 3 ஓம் காட்டினால் பெரும்பாலும் உயிர் இருக்கிறது. இன்ஜின் ஓடாதபோது சாவியை ஆனில் விட்டுப் பேசிக்கொண்டிருப்பதுதான் காயிலைக் கொல்லும் வழக்கம்.

மழைக்காலக் காலையில் மட்டும் எடுக்காத வண்டிக்குக் கேப்பின் உள்ளே ஈரமோ, பென்சில் கோடுபோல் கரிய விரிசலோ இருக்கும். ஈரத்தைத் துடைக்கலாம், கோட்டைத் துடைத்துப் பயனில்லை, கேப் புதிது வேண்டும். ஒயர் ஒழுக்கைக் கண்டுபிடிக்க, இன்ஜின் ஓடும்போது ராத்திரி லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு, ஃபேனிலிருந்து நாலடி தள்ளி நின்று பாருங்கள். கசியும் ஒயர் மேல் நீலப் புழு நெளியும்.

பொறியும் பெட்ரோலும் இருந்து, கார்பரேட்டர் வழியாகத் தும்மினால், யாரோ ஒயரை மாற்றி மாட்டியிருக்கிறார்கள். வரிசை 1-3-4-2, ஃபேன் பக்கம் இருப்பது ஒன்றாவது. ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்து அதே திசையில் எண்ணுங்கள்.

எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் மாட்டலாமா என்றால், மாட்டலாம். ஆனால் பாயின்ட்டை வைத்து வண்டியைச் சரியாக ஓட்டிய பிறகு மாட்டுங்கள். கோளாறோடு இருக்கும் வண்டியில் கிட் மாட்டினால் எது பழுது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

### பெட்ரோல் பக்கம்

முதலில் டிப் ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி). ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தாலோ அளவு கூடியிருந்தாலோ பம்ப் டயாஃபிரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்து பெட்ரோல் ஆயிலுக்குள் இறங்குகிறது. அந்த ஆயிலோடு இன்ஜினை ஓட்டாதீர்கள். பம்ப் கிட், ஆயில் இரண்டையும் மாற்றிய பிறகுதான் மறுபடி செல்ஃப்.

ஆயில் சரியாக இருந்தால், காயிலுக்கு வரும் சாவி ஒயரைக் கழற்றிவிட்டு (பொறி வரக் கூடாது), கார்பரேட்டருக்கு வரும் குழாயை எடுத்து பாட்டிலுக்குள் விட்டு, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். துப்பித் துப்பி வர வேண்டும். வந்தால் கோளாறு கார்பரேட்டரில். வராவிட்டால் பின்னோக்கிப் போங்கள்: ஃபில்டர், பம்ப்பின் மூடிக்கு அடியில் இருக்கும் சல்லடை, பம்ப்புக்கு வரும் ரப்பர் குழாய். அந்தக் குழாயில் முடியளவு வெடிப்பு இருந்தால் பெட்ரோல் ஒழுகாது, ஆனால் பம்ப் காற்றைத்தான் இழுக்கும்.

கார்பரேட்டரில், நின்ற வண்டி என்றால் கிண்ணத்தின் அடியில் பழுப்புப் பிசின் படிந்திருக்கும். ஜெட்டை எடுத்து கார்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடிக்க வேண்டும். ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தினால் ஓட்டை பெரிதாகி வண்டி ஆயுளுக்கும் பெட்ரோல் குடிக்கும். மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே சளசளத்தால் ஓட்டை, புதிது வேண்டும்.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் இதில் ஊதி மென்மையாகும், தண்ணீரை இழுத்து டேங்க்கில் துரு பிடிக்கும். குழாய், டயாஃபிரம், வாஷர் எல்லாம் எத்தனால் தாங்கும் ரப்பராகக் கேட்டு வாங்குங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துவதானால் டேங்க்கிலிருந்து பெட்ரோலை இறக்கிவிடுவதே நல்லது. பிளக் வெள்ளைவெளேர் என்று இருந்து வண்டி இழுக்காமல் திணறினால் மெயின் ஜெட் ஒரு அளவு பெரிதாகப் போட்டுப் பார்க்கலாம்.

டேங்க்கில் ஓட்டை என்றால் வீட்டில் பற்றவைக்கும் எண்ணமே வேண்டாம். காலியான டேங்க்தான் வெடிக்கும். டேங்க் வேலை தெரிந்த பட்டறையில் கொடுங்கள்.

## நன்றாக ஓடி, சூடானதும் நின்றுவிடுகிறது

சித்திரை வெயிலில் சிக்னலில் நிற்கும் பத்மினிகளின் பொது நோய். நின்ற உடனே, ஆறுவதற்குள் பாருங்கள். ஆறிவிட்டால் சாட்சியம் போய்விடும்.

டேங்க் மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் துளை அடைத்திருக்கிறது. செலவு ஒரு குண்டூசி.

அது இல்லை என்றால் பொறி பாருங்கள். பொறி இல்லையா, கண்டன்சரை மாற்றுங்கள், பிறகு காயில். சூட்டில் மட்டும் செத்து ஆறியதும் பிழைப்பது இந்த இரண்டின் வழக்கம்.

பொறி இருந்தால் பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்திருக்கிறது. பம்ப் இன்ஜினோடு ஒட்டி நிற்பதால் அதன் சூடு முழுவதும் பெட்ரோலுக்கு ஏறும். ஈரத்துணியைப் பம்ப் மேலும் குழாய் மேலும் சுற்றி ஐந்து நிமிடம் காத்திருங்கள். எடுத்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. நிரந்தரத் தீர்வுக்கு: பம்ப்புக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்க வேண்டிய தடித்த பேக்கலைட் கட்டையை யாரோ எடுத்துவிட்டு வெறும் பேக்கிங் போட்டிருக்கிறார்களா பாருங்கள். குழாய் எக்ஸாஸ்ட் பக்கம் சாய்ந்திருந்தால் விலக்கிக் கட்டுங்கள்.

## டெம்பரேச்சர் முள் ஏறுகிறது

சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம். ஆறிய பிறகு தண்ணீர் அளவு, பிறகு ஃபேன் பெல்ட்: நடுவில் விரலால் அழுத்தினால் 10 முதல் 15 மி.மீ. இறங்கலாம். ரேடியேட்டர் இதழ்களில் தூசும் பூச்சியும் அடைத்திருந்தால் இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

தெர்மோஸ்டாட்டை (சூடேறியதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) கழற்றி, பாத்திரத்தில் தண்ணீரோடு அடுப்பில் வைத்து, அதன் மேல் பொறித்த வெப்பநிலைக்குத் திறக்கிறதா என்று பிள்ளை தெர்மாமீட்டரோடு பார்க்கட்டும். திறக்காததைத் தூக்கிப்போட்டுவிட்டு வெறுமனே ஓட்டும் வழக்கம் நம் ஊரில் உண்டு. வேண்டாம், புதிது போடுங்கள். போர் தண்ணீரும் வேண்டாம். உப்பு படிந்து ரேடியேட்டரை அடைக்கும், அலுமினிய ஹெட்டை அரிக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி.

ரேடியேட்டரில் இன்ஜின் ஓடும்போது குமிழி நிற்காமல் வந்தாலோ, ஆயில் மூடிக்குள் மோர்போல் வெளுத்திருந்தாலோ ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள பேக்கிங்) போயிருக்கிறது. ஹெட்டைக் கழற்றலாம், ஆனால் அது வளைந்திருக்கிறதா என்று லேத்தில் பார்க்காமல் புது கேஸ்கட் போடுவது வீண்.

## பிரேக் சரியில்லை

நாலு சக்கரத்திலும் டிரம். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்: காற்றடித்துத் தூசு கிளப்பாதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறியுங்கள். அந்த நேரம் பிள்ளை வெளியே.

பெடல் ஆழமாகப் போகிறது, இரண்டு முறை மிதித்தால் மேலே வருகிறது. ஷூ தேய்ந்து தூரமாகியிருக்கிறது. அட்ஜஸ்ட் செய்யுங்கள். பெடல் ஸ்பாஞ்சுபோல் அமுங்கினால் காற்று.

மிதித்துப் பிடித்தால் மெல்ல இறங்குகிறது, வெளியே ஒழுக்கு இல்லை. மாஸ்டர் சிலிண்டர் ரப்பர். உள்சுவரில் விரல் நகம் தடுக்கும் பள்ளம் இருந்தால் கிட் போட்டுப் பயனில்லை, முழுதாக மாற்ற வேண்டும்.

பிரேக் ஆயில் குறைகிறது, சக்கரத்தின் உள்பக்கம் ஈரம். வீல் சிலிண்டர். ஒரு பக்கம் போனால் அதே அச்சின் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ஆயில் பட்ட லைனிங்கைக் கழுவிப் போடாதீர்கள்.

காலை எடுத்த பிறகும் ஒரு சக்கரம் இறுகியே இருக்கிறது. ஏர் நிப்பிளை (சக்கரத்தின் பின்னால் காற்று வெளியேற்றும் திருகு) லேசாகத் திறங்கள். சக்கரம் விட்டால் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் ஊதி வழியடைத்திருக்கிறது. விடவில்லை என்றால் சிலிண்டரோ ஸ்பிரிங்கோ சிக்கியிருக்கிறது.

ஏர் எடுக்கும் வேலைக்கு, அதாவது பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற, இரண்டு பேர் வேண்டும், பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாய், அதன் மறுமுனை கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் முங்கியிருக்க வேண்டும். "மிதி" என்றதும் பிள்ளை மெதுவாக மிதித்து "பிடிச்சிருக்கேன்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். நீங்கள் நிப்பிளைத் திறந்து, குமிழி போனதும் மூடி, "விடு" என்ற பிறகுதான் கால் எழ வேண்டும். மூடுமுன் கால் எழுந்தால் காற்று திரும்ப உள்ளே. நாலைந்து மிதிக்கு ஒருமுறை டப்பாவில் ஆயில் ஊற்றுங்கள். புது பாட்டில் பிரேக் ஆயில், டாட் 3 வகை. அது பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், பெயின்ட்டைத் தின்றுவிடும்.

டிரம் கடைவது, பைப் வளைத்து மாற்றுவது இரண்டும் பட்டறை வேலை. நீங்களே எல்லாம் முடித்திருந்தாலும், ரோட்டில் இறக்குமுன் பழைய வண்டி தெரிந்த மெக்கானிக் ஒருவர் சக்கரம் கழற்றிப் பார்க்க வேண்டும். சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் கதவு, பம்பர், கைப்பிடி, மீட்டர் தேடி வாங்கலாம்; பிரேக் பாகத்தைப் பழையதாக வாங்காதீர்கள்.

## சார்ஜ் ஏறவில்லை

இன்ஜினைக் கொஞ்சம் உயர்த்தி ஓடவிட்டால் பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். டைனமோ வண்டியில் ஐடிலில் சிவப்பு விளக்கு மினுக்குவது கோளாறில்லை. பெல்ட், ஒயர் முனை, டைனமோ கார்பன் வரை நீங்கள் பார்க்கலாம். ரெகுலேட்டரைத் திறக்காதீர்கள், எலக்ட்ரீஷியன். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் இன்ஜின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றிச் சோதிக்கும் பழைய வித்தை டயோடை எரித்துவிடும்.

## புகை

கறுப்பு: சோக் முழுதாகத் திறக்கவில்லை, அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு, அல்லது மிதவை ஊசி. வெள்ளை நிற்காமல் வந்தால் மேலே சொன்ன ஹெட் கேஸ்கட். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. அப்போது கம்ப்ரெஷன் கேஜ் வைத்து நாலு சிலிண்டரையும் எழுதுங்கள். ஒன்றுக்கொன்று 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. இரண்டுமே லேத்துக்குப் போகும் செலவு, வால்வுதான் சின்னது.

## அடியில் துரு, கதவு தொங்குகிறது

இந்த வண்டிக்குத் தனிச் சட்டம் (சேஸி) கிடையாது, பாடியேதான் பாரத்தைத் தாங்குகிறது. அதனால் தரைத் தகட்டுத் துரு அழகுப் பிரச்சினை இல்லை.

மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைப் பிள்ளையிடம் கொடுத்து பாடி முழுக்க நகர்த்தச் சொல்லுங்கள். ஒட்டாத இடமெல்லாம் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு). சாக்பீஸால் வட்டம் போட்டால் ஒரு மணி நேரத்தில் வண்டியின் வரலாறு தெரியும். அடுத்து, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு, ஜாக்கி வைக்கும் இடம், தரை ஓரம் மூன்றையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். மேல்துரு மட்டும் என்றால் வயர் பிரஷ், துரு மாற்றி, பிரைமர். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், உலர் தேய்ப்பு வேண்டாம். தண்ணீர்த் தாளும் முகக்கவசமும்.

ஸ்க்ரூ டிரைவர் உள்ளே இறங்கினால் அங்கே ஜாக்கி வைக்காதீர்கள். கதவைத் திறந்தால் கீழே இறங்கி, மூடும்போது தூக்கி மூட வேண்டியிருந்தால் முதலில் கீல் பின்னைப் பாருங்கள். அது இறுக்கமாக இருந்தும் தொங்கினால் தகடு போய்விட்டது, டிங்கரை (தகடு வேலை செய்பவர்) கூப்பிட வேண்டும். வெட்டுமுன் கதவிடுக்குகளை அளந்து, வண்டிக்குக் கீழே முட்டுக் கொடுத்து, ஒரு பக்கத்தை முடித்த பிறகுதான் மறுபக்கம் வெட்ட வேண்டும் என்று அவரிடம் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டினால் பாடி வளையும், பிறகு கண்ணாடிகூட உட்காராது.